மாத்திரையை விட்டா எடை தானா இறங்குமா?

கொழிஞ்சாம்பாறை வாசகி ஒருத்தர் கேட்டது, 4 மார்ச் 2023

என் வீட்டுக்காரருக்கு மனச்சிதைவுன்னு சொல்லி மூணு வருஷமா ஓலன்சபின் குடுக்கறோம். 64 கிலோ இருந்தவர் இப்ப 83. ஜனவரியில இருந்து நானே மாத்திரையைப் பாதியா உடைச்சுத்தான் குடுக்கறேன். ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு. ஆளும் சுறுசுறுப்பா இருக்கார். மாத்திரையை விட்டா எடை தானா இறங்கிடும்கறதுதான் என் அனுபவம். டாக்டருங்க இதை ஏன் சொல்றதில்லை? முழுசா நிறுத்திப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

4 மார்ச் 2023, ராத்திரி

நிறுத்திப் பார்த்த வீடு எங்க வீடு. அக்கா, இன்னையோட உடைக்கறதை விடுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போய், உடைச்சுக் குடுத்தேன்னு மறைக்காம சொல்லுங்க.

எங்க ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துல அருமனைப் பக்கம். கேரளா எல்லை கூப்பிடு தூரம். தம்பிக்கு 2016-ல நோய் வந்தது, அப்ப அவனுக்கு 23. முன்னூறு ரப்பர் மரம் பால் வெட்டிட்டு விடியறதுக்குள்ள வீடு வர்ற பையன். நாகர்கோவிலுக்குப் போற நேரத்துல திருவனந்தபுரம் போயிடலாம்கறதால வைத்தியம் அங்கதான். 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்து எல்லையை அடைச்சாச்சு. கையில 12 நாள் மாத்திரை இருந்தது. தீர்ந்ததும், "நல்லாத்தானே இருக்கான், திறக்கட்டும் பார்ப்போம்"னு இருந்துட்டோம். நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில கேட்டிருக்கலாம். கேக்கல.

ஆறு வாரம் உங்க வீட்டுக்காரர் மாதிரியேதான் இருந்தான். சுறுசுறுப்பு, சிரிப்பு. எடையும் கொஞ்சம் இறங்கிச்சு. ஏழாவது வாரம் கிணத்துக்குள்ள இருந்து ஆள் கூப்பிடுதுன்னு சொல்லி கயித்தைக் கட்டி இறங்கப் போனான். மத்ததை இப்ப எழுத முடியல.

5 மார்ச் 2023

நேத்து கோபத்துல எழுதிட்டேன். அக்கா மேல கோபம் இல்ல. 83 கிலோ ஆன மனுஷனைப் பார்க்கற வேதனை எனக்குத் தெரியும். தம்பி 56-ல இருந்தவன், அந்த 2020 மே மாசத்துக்கு அப்புறம் ஓலன்சபின் ஆரம்பிச்சு இப்ப 90-ஐ நெருங்கறான்.

டாக்டருங்க சொல்றதில்லைன்னு கேட்டீங்க. மறைக்க அதுல ஒண்ணும் இல்ல. இந்த வகை மருந்துல முதலாவதா 1952-ல வந்த குளோர்ப்ரோமசின் காலத்துலயே உடம்பு போடறதைக் கவனிச்சிருக்காங்க. 1999-ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தப்ப பத்து வாரத்துல சராசரியா ஏறினது: குளோசபின்ல 4.45 கிலோ, ஓலன்சபின்ல 4.15, ரிஸ்பெரிடோன்ல 2.10, சிப்ரசிடோன்ல 0.04. முதல் தடவை நோய் வந்து மருந்து ஆரம்பிக்கறவங்களுக்கு இன்னும் அதிகம். ஐரோப்பாவுல அப்படிப்பட்டவங்களை ஒரு வருஷம் பார்த்த ஆய்வுல ஓலன்சபின் எடுத்தவங்க சராசரியா 13.9 கிலோ ஏறியிருந்தாங்க. அரிபிப்ரசோல், லுராசிடோன் மாதிரி சிலதுல ஏத்தம் ரொம்பக் கம்மி. ஆனா எல்லாருக்கும் எல்லா மருந்தும் கேக்காது. வேற எதுக்கும் அடங்காத நோய் குளோசபினுக்கு அடங்கறதும் உண்டு.

ஏன் ஏறுதுன்னா, மூளையில ஹிஸ்டமினுக்கும் செரோட்டோனினுக்கும் உள்ள சில வாசலை இந்த மருந்து அடைச்சுடுது. போதும்னு சொல்ற சேதி போய்ச் சேரமாட்டேங்குது. இதை நான் வாசிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடியே தம்பி சொல்லியிருக்கான்: "அக்கா, தின்னாச்சுன்னு தலைக்குத் தெரியுது, வயித்துக்குத் தெரியமாட்டேங்கு." நான்தான் காதுல வாங்கல.

11 மார்ச் 2023

எங்க வீட்டுல எடை மெஷின் கிடையாது. இன்னைக்கு ரப்பர் ஷீட்டு விக்கப் போன கடையிலயே தம்பியை ஏத்தி நிறுத்தினேன். ஷீட்டை இறக்கிட்டு இவன் ஏறினான். முள்ளு நின்னதும் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, நான் நாலாம் கிரேடா, அஞ்சாம் கிரேடா? இன்னைக்கு விலைக்கு எவ்வளவு தருவீங்க?"ன்னு கேட்டான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் பேச்சுல ஒரு குறும்பு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. கடைக்காரர் ரசீதுப் புத்தகத்துல ஒரு தாளைக் கிழிச்சு தேதி போட்டு 89.400ன்னு எழுதிக் குடுத்தார். அடுக்களைச் சுவத்துல அரிசிக் கடை காலண்டருக்குப் பக்கத்துல ஆணியில குத்தி வச்சிருக்கேன்.

இடுப்பு 106 செ.மீ. நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு 90-க்குள்ள இருக்கணும், பொம்பளைங்களுக்கு 80. வெள்ளைக்காரங்களுக்குச் சொல்ற அளவை நமக்கு வச்சுப் பார்க்கக் கூடாது. நமக்கு குறைஞ்ச எடையிலயே சர்க்கரை வந்துடும்.

19 மார்ச் 2023

கம்பத்துக்காரர் ஒருத்தர், "வாயைக் கட்டச் சொல்லுங்க, தானா குறையும்"னு எழுதியிருக்கார். இது அவருக்கு.

போன வருஷம் ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்தேன். பூனைன்னுதான் நினைச்சேன். அடுக்களையில லைட்டு இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தா, தம்பி அடுப்புத் திண்டுக்குக் கீழ குந்தி உக்காந்திருக்கான். மடியில மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்குப் பானை. பக்கத்துல சாளைக் குழம்புச் சட்டி. ஆறி விறைச்ச கிழங்கைப் பிட்டு, சட்டியோட அடியில வழிச்சு வழிச்சு வாயில போடறான். ருசிச்சுத் தின்னற மாதிரியும் இல்ல, அவசரமும் இல்ல. யாரோ குடுத்த வேலையை முடிக்கற மாதிரி. கன்னத்துல கண்ணீர் ஓடிட்டு இருந்தது. என்னைப் பார்த்ததும் பானையை என் பக்கம் நீட்டி, "எடுத்துட்டுப் போ அக்கா, என்னால வைக்க முடியல"ன்னான்.

இதுக்கு அப்புறமும் நான் செய்ததைக் கேளுங்க. மறுநாள் மார்த்தாண்டம் சந்தையில பூட்டு வாங்கி அடுக்களைக் கதவுக்குப் போட்டேன். பதினொரு நாள் பூட்டியே வச்சிருந்தேன். பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அம்மச்சி வந்து, "உன் தம்பி விடியக்காலையில வந்து பழங்கஞ்சி கேட்டான் மக்ளே, வீட்டுல அடுப்பு எரியலையா?"ன்னு கேட்டுது. அன்னைக்கு எடுத்த பூட்டு இன்னும் பரண்ல கிடக்கு.

வாயைக் கட்டறதுன்னா என்னன்னு அந்தப் பதினொரு நாள்ல அவனுக்கு நான் காட்டிட்டேன். பசி மருந்துல இருந்து வருது. அவன் ஆசையில இருந்து வரல. திட்டினா பசி குறையாது, ஒளிச்சுத் தின்னப் பழகுவான், அவ்வளவுதான்.

இப்ப செய்யறது: ராத்திரி எழுந்தா எடுக்கறதுக்குன்னே ஒரு தட்டு மூடி வைப்போம். வெள்ளரிக்கா, வேகவச்ச சிறுபயிறு, ஒரு செம்பு மோர். "இது உனக்குத்தான், லைட்டைப் போட்டு உக்காந்து சாப்பிடு"ன்னு சொல்லியாச்சு.

2 ஏப்ரல் 2023

புது டாக்டரைப் பார்த்தோம். முன்னாடி பார்த்துட்டு இருந்த இடத்துல மூணு வருஷத்துல ஒரு தடவை எடை போட்டதில்லை. சத்தம் கேக்குதா, தூக்கம் வருதான்னு ரெண்டு கேள்வி, சீட்டு, அடுத்த ஆள். 2004-லயே அமெரிக்க மனநல டாக்டர்களும் சர்க்கரை நோய் டாக்டர்களும் சேர்ந்து உக்காந்து ஒரு வழிமுறை எழுதியிருக்காங்க. மருந்து ஆரம்பிக்கற அன்னைக்கு எடை, அப்புறம் 4, 8, 12 வாரத்துல, பிறகு மூணு மாசத்துக்கு ஒருக்க. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆரம்பத்துல, 12 வாரத்துல, பிறகு வருஷத்துக்கு ஒருக்க. ஆரம்பத்து எடையில நூத்துக்கு அஞ்சு பங்கு ஏறினாலே மருந்தை மாத்தறதைப் பத்தி யோசிக்கணும். தம்பி விஷயத்துல 56-க்கு அஞ்சு பங்குன்னா மூணு கிலோகூட இல்ல. நாங்க 33 கிலோ ஏறுற வரைக்கும் பார்த்துட்டு இருந்தோம்.

இந்த டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முன்னாடி உக்காந்து கேட்ட முதல் கேள்வி: "வெசப்பு எங்ஙனெ?" எங்க பாட்டிமாரும் பசின்னு சொல்லமாட்டாங்க, வெசப்புன்னுதான். அந்த வார்த்தையைக் கேட்டதும் தம்பி கடகடன்னு பேசினான். எப்ப வரும், எத்தனை நேரம் நிக்கும், தின்னா என்ன ஆகும், எல்லாம். எனக்கே தெரியாததைச் சொன்னான்.

வெறும் வயித்துச் சர்க்கரை 108. நோய்னு சொல்ற அளவு இல்ல, ஆனா வாசப்படியில நிக்குது. மெட்ஃபார்மின் 500 ஆரம்பிச்சிருக்கு. சீனாவுல 128 பேரை வச்சு 2008-ல வந்த ஆய்வு ஒண்ணை டாக்டர் சொன்னார். 12 வாரத்துல மெட்ஃபார்மினோட சாப்பாடும் நடையும் சேர்த்தவங்களுக்கு சராசரி 4.7 கிலோ குறைஞ்சது. மெட்ஃபார்மின் மட்டும்னா 3.2. சாப்பாடும் நடையும் மட்டும்னா 1.4. ஒண்ணும் செய்யாதவங்க 3.1 கிலோ ஏறினாங்க.

3 ஏப்ரல் 2023

நேத்து எழுதினதைப் பார்த்து ரெண்டு பேர் எடை குறைக்கற மாத்திரை பேரு கிடைச்சுதுன்னு நன்றி சொல்லியிருக்கீங்க. அப்படி எடுத்துக்காதீங்க. மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை. சிறுநீரகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டுத்தான் குடுப்பாங்க. முதல் வாரம் வயிறு கலக்கும், சாப்பாட்டோடதான் போடணும். ரொம்ப நாள் எடுத்தா பி12 குறையும், அதையும் பார்க்கணும். கடையில நீங்களா கேட்டு வாங்கற விஷயமில்ல.

16 ஏப்ரல் 2023

சாப்பாட்டுத் தாள் ஒண்ணு குடுத்தாங்க. ஓட்ஸ், கோதுமை ரொட்டி, ஆப்பிள். அம்மா அதை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இதுல ஒண்ணு நம்ம விளையில உண்டா?"ன்னாங்க. எங்க விளையில உள்ளது மரச்சீனி, ஏத்தன் வாழை, பலா, தேங்கா. நாலுமே எடைக்கு எதிரிதான், அளவு தெரியலன்னா.

மரச்சீனியை நிறுத்துன்னு சொல்றது எங்க ஜனங்ககிட்ட மூச்சை நிறுத்துன்னு சொல்ற மாதிரி. திருவிதாங்கூர்ல விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல, 1880 வாக்குல ஜனங்க மத்தியில பரப்பினது. ரெண்டாம் உலகப் போர்ல பர்மா அரிசி நின்னு போனப்ப பிள்ளைங்களை உயிரோட வச்சது இந்தக் கிழங்குதான்னு பாட்டி சொல்லும். ஆனா 100 கிராம் கிழங்குல 160 கலோரி, மாவுச்சத்து மட்டும் 38 கிராம். தம்பி ஒரு வேளைக்கு முக்கால் கிலோ தின்னுட்டு இருந்தான்.

நிறுத்தல. வாரத்துல மூணு நாள், உள்ளங்கை அளவு நாலு துண்டு. முதல்ல மீனும் துவரனும் (காய்ப் பொரியல்) தட்டுல வரும், அது பாதி முடிஞ்சப்புறம்தான் கிழங்கு. குழம்புக்குத் தேங்கா அரைக்கறது பாதியாச்சு. அம்மாவுக்கு அதுதான் பெரிய துக்கம்.

இதைவிடப் பெருசா பலன் குடுத்தது சாயா. இந்த மருந்துல வாய் வறளும், எதையாவது குடிச்சுட்டே இருக்கத் தோணும். எண்ணிப் பார்த்தா ஒரு நாளைக்கு ஏழு சாயா, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கரண்டி சீனி. அதுக்கு மேல ஜங்ஷன்ல கலர் சோடா. இப்ப பால் விடாத கட்டஞ்சாயா, சீனி இல்லாம. முதல் வாரம் முகத்தைச் சுளிச்சான். இப்ப ஏலக்காயைத் தட்டிப் போட்டு அவனே போட்டுக்கறான்.

24 மே 2023

இன்னைக்கு உலக மனச்சிதைவு நோய் தினம். எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. நானும் தம்பியும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனோம். ஞாயித்துக்கிழமை தோறும் போறதுதான், இன்னைக்குப் புதன்கிழமையா இருந்தும் போனோம். பாலம் 1240 அடி. நாலு தடவை போயிட்டு வந்தா மூணு கிலோமீட்டர். கீழே பறளியாறு. வெயிலுக்கு முன்னாடி போயிடுவோம்.

காலையில எழுப்பறதுதான் பெரும்பாடா இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டா மறுநாள் ஒன்பது வரைக்கும் கட்டை மாதிரி கிடப்பான். டாக்டர்கிட்ட கேட்டோம், ஏழு மணிக்கே போடச் சொன்னார். இப்ப ஆறரைக்கு எழுந்துடறான். இவ்வளவு சின்ன விஷயம், மூணு வருஷம் கேக்கத் தோணல.

செங்கோட்டை அண்ணாச்சி பீடியைப் பத்திக் கேட்டிருந்தார். அவசியம் தெரிஞ்சுக்க வேண்டியது இது. பீடி, சிகரெட் புகை ஈரலை முடுக்கிவிட்டு ஓலன்சபினையும் குளோசபினையும் சீக்கிரம் கரைச்சுடும். அதனால புகைக்கறவங்களுக்கு அதுக்குத் தகுந்த அளவு மருந்து போகும். திடீர்னு பீடியை விட்டா, அதே மாத்திரை ஒரு வாரத்துல ரத்தத்துல கூடிப்போகும், தள்ளாட்டமும் தூக்கமும் வரும். விடறது நல்லதுதான், ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடணும். காரணம் புகைதான், நிக்கோட்டின் இல்ல. தம்பி ரெண்டு கட்டுல இருந்து அரைக்கட்டுக்கு வந்திருக்கான், டாக்டருக்குத் தெரிஞ்சே.

எடை 86.800.

28 ஜூன் 2023

88.300. மழை. பாலமும் இல்ல, நடையும் இல்ல, வீட்டுக்குள்ள சிப்ஸ். சுவத்துல தாளைக் குத்தறப்ப தம்பி முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது.

29 ஜூன் 2023

நேத்து எழுதினதை வாசிச்சுட்டு நிறைய பேர் ஆறுதல் சொன்னீங்க. ஒரு விஷயம் தேடிப் பிடிச்சேன். அமெரிக்காவுல மேரிலாண்ட்ல 291 பேரை 18 மாசம் பின்தொடர்ந்து 2013-ல வந்த ஆய்வு. மனநோய்க்கு மருந்து எடுக்கறவங்க, எடையும் ரொம்ப அதிகம். சாப்பாட்டு ஆலோசனை, கூட்டமா உடற்பயிற்சி, அவ்வளவுதான் வைத்தியம். 18 மாச முடிவுல, இதுல சேராதவங்களைவிட 3.2 கிலோ அதிகம் குறைஞ்சிருந்தது. கேக்கறவங்களுக்கு இது ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா மத்த எடைக்குறைப்பு எல்லாம் ஆறு மாசத்துல இறங்கிட்டுத் திரும்ப ஏறுறப்ப, இவங்க கடைசி வரைக்கும் மெதுவா இறங்கிட்டே இருந்தாங்க. தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப மழைக்கு ஒரு மாசம் லீவு விடலாம்"ன்னான்.

10 செப்டம்பர் 2023

ஓணத்துக்கு சித்தி வீட்டுல பாலக்காட்டு மச்சானுங்க எல்லாம் கூடினோம். அடைப்பிரதமன் ஒரு கிண்ணம் தம்பி குடிச்சான், ரெண்டாவது கேட்டான், நான் குடுத்தேன். ஆனா சித்தி எல்லார் முன்னாடியும், "இப்படி ஊதிப்போனா யார் பொண்ணு தருவா?"ன்னு கேட்டுட்டாங்க. அவன் கிண்ணத்தை வச்சுட்டு வெளிய போயிட்டான். வீடு வந்ததும், "நாளைல இருந்து மாத்திரை வேண்டாம்"ன்னான். மூணு நாள் கெஞ்சித்தான் திரும்பப் போட வச்சேன். நோய் திரும்பறதுக்கு சொந்தக்காரங்களோட ஒரு வார்த்தை போதும். சித்திகிட்ட போன்ல பேசினேன், இனிமே வாயைத் திறக்கமாட்டேன்னு அழுதாங்க.

85.900.

26 டிசம்பர் 2023

84.700. பக்கத்து வீடுகள்ல இருந்து வந்த பிளம் கேக்கையும் மீறி.

18 பிப்ரவரி 2024

80.200! மூணு வாரத்துல நாலு கிலோ! கடைக்காரர் முள்ளு சரியா இருக்கான்னு ஷீட்டை வச்சுப் பார்த்துட்டு மறுபடியும் ஏத்தினார். அதே 80.200. பேன்ட் இடுப்புல நிக்கல. கயிறு கட்டியிருக்கான். இந்த இழையை வாசிக்கற எல்லாருக்கும் சொல்றேன், பொறுமையா இருங்க, நடக்கும்.

20 பிப்ரவரி 2024

தூக்கம் வரல. 2020-லயும் எடை இப்படித்தான் இறங்கிச்சு. மாத்திரையைத் துப்பறானோ? அட்டையை எண்ணினேன், கணக்கு சரியா இருக்கு. ஆனா வாயில போட்டுட்டு வெளிய போய்த் துப்பலாமே. வாழைத் தூர்ல, சாம்பல் குழியில எல்லாம் தேடினேன். ராத்திரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்குன்னு சொன்னேன். தூக்கிக் காட்டினான். ஒண்ணும் பேசல.

23 பிப்ரவரி 2024

ஞாயித்துக்கிழமை நான் எழுதினதை யாரும் நம்பாதீங்க. அதை அழிக்காம விடறேன், ஏன்னா என்னைப் போல ஏமாறாம இருக்க அது வேணும்.

நேத்து காலையில அம்மா பலாமரத்தடியில தேங்கா பொறுக்கப் போனப்ப, "இங்க என்ன இத்தனை எறும்பு"ன்னு கூப்பிட்டாங்க. தம்பி ராத்திரி எழுந்து ஒதுங்கற இடம் அது. ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்திரிக்கறேன்னு கேட்டேன். "அஞ்சாறு"ன்னான். தாகம்? "ஒரு குடம் குடிக்கேன்." எப்ப இருந்து? "பொங்கல்ல இருந்து." ஏன் சொல்லலன்னு கேக்க வாயெடுத்தேன். நான் அவன் நாக்கைத் தூக்கிப் பார்த்துட்டு இருந்த ஆள், எப்படிச் சொல்வான்?

சர்க்கரை 371. மூணு மாச சராசரியைக் காட்டற HbA1c சோதனையில 11.2. அக்டோபர்ல எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையை, எடை குறையுதேன்னு நான்தான் தள்ளிப்போட்டேன். எடை குறைஞ்சது நடையாலயும் இல்ல, கட்டஞ்சாயாவாலயும் இல்ல. உடம்பு சர்க்கரையை எடுத்துக்க முடியாம கொழுப்பையும் சதையையும் கரைச்சுக் குடிச்சுட்டு இருந்திருக்கு. இன்சுலின் ஆரம்பிச்சாச்சு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா மயக்கத்துல விழுந்திருப்பான்னு டாக்டர் சொன்னார்.

மாத்திரையை அவன் ஒரு நாள்கூட விடல. இன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சு அவன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். "போட்டும் அக்கா, நானா இருந்தாலும் எண்ணித்தான் பார்ப்பேன்"ன்னான்.

10 மார்ச் 2024

82.100. ரெண்டு கிலோ ஏறியிருக்கு. வாழ்க்கையில முதல் தடவையா அவன் எடை ஏறினதுக்கு சந்தோஷப்பட்டேன்.

கேட்டவங்களுக்கு: இந்த மருந்து எடுக்கறவங்களுக்கு எடை வேகமா இறங்கினா மூணு விஷயம் பார்க்கணும். தாகமும் ராத்திரி ஒண்ணுக்கும் இருந்தா அன்னைக்கே சர்க்கரை. மாத்திரை உள்ள போகுதா. நோய் திரும்பி, சாப்பாட்டுல விஷம் இருக்குன்னு பயந்து தின்னாம இருக்காங்களா. ஓலன்சபின் எடையை ஏத்தாமலே சர்க்கரையை ஏத்தறதும் உண்டு, அதனால ஒல்லியா இருக்கவங்க வீட்டுலயும் சோதனையை விடாதீங்க.

5 மே 2024

சர்க்கரை வந்ததால மருந்தை மாத்தறதுன்னு முடிவாச்சு. ஓலன்சபினைப் படிப்படியா குறைச்சு, அரிபிப்ரசோலைப் படிப்படியா கூட்டறாங்க. எட்டு வாரம். ஒரே நாள்ல மாத்தறதில்லை. இப்படி மாறினவங்களுக்கு 24 வாரத்துல 3.6 கிலோ குறைஞ்சதுன்னும், பழைய மருந்துலயே இருந்தவங்களுக்கு 0.7 குறைஞ்சதுன்னும் 2011-ல ஒரு ஆய்வு. அதே ஆய்வுல, புது மருந்து ஒத்துக்காம விட்டவங்களும் அதிகம். ரெண்டையும் டாக்டர் தம்பிகிட்டயே சொல்லி, "நீ சொல்லு, மாத்தணுமா?"ன்னு கேட்டார். அவன் ஒரு வாரம் யோசிச்சு சரின்னான்.

மூணாவது வாரம் பெரும்பாடு. உக்கார முடியல, நிக்க முடியல. முற்றத்துல அங்கயும் இங்கயும் நடந்துட்டே இருந்தான், காலுக்குள்ள எறும்பு ஊருதுன்னான். நான் நோய் திரும்பிடுச்சுன்னு பயந்துட்டேன். போன் பண்ணினதும், அது மருந்தோட பக்கவிளைவுன்னு சொல்லி அளவைக் குறைச்சு, கூட ஒரு மாத்திரை குடுத்தாங்க. பத்து நாள்ல அடங்கிச்சு. இது தெரியாம இருந்தா கட்டாயம் பழைய மருந்துக்கே ஓடியிருப்போம்.

எடை குறைக்கற ஊசி பத்திக் கேட்ட தேனிக்காரருக்கு: குளோசபின், ஓலன்சபின் எடுக்கறவங்களுக்கு லிராக்ளூடைட் குடுத்துப் பார்த்து 16 வாரத்துல மத்தவங்களைவிட 5.3 கிலோ குறைஞ்சதா 2017-ல வந்திருக்கு. வேலை செய்யுது. எங்க கைக்கு எட்டற விலை இல்ல.

14 ஜூலை 2024

கொழிஞ்சாம்பாறை அக்கா திரும்ப வந்திருக்காங்க. போன வருஷம் ஏப்ரல்ல வீட்டுக்காரரை ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்ததாம். இந்த இழையில எழுத வெக்கமா இருந்துதுன்னு சொல்றாங்க. அக்கா, நீங்க கேட்டதாலதான் நான் அவனை ஷீட்டுக் கடை தராசுல ஏத்தினேன். வெக்கப்பட உங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு இப்ப என்ன மருந்து, சர்க்கரை பார்த்தாச்சா, அதைச் சொல்லுங்க. பாலக்காட்டுல பார்க்கறீங்களா, பொள்ளாச்சியா?

17 நவம்பர் 2024

78.600. மூணு மாச சர்க்கரை சராசரி (HbA1c) 6.9. இன்சுலின் நிறுத்தி மாத்திரை மட்டும்தான். தம்பி ரெண்டு மாசமா 150 மரம் வெட்டறான். நாலரை மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிட்டு இறங்கறான். சிரட்டை துடைக்கற சத்தம் எங்க ஜன்னல் வரைக்கும் கேக்கும்.

இன்னைக்கு மத்தியானம் மரச்சீனியும் நெத்தோலிக் கறியும். நாலு துண்டு வச்சிருந்தேன். மூணு தின்னுட்டு நாலாவதைத் தட்டு ஓரத்துக்குத் தள்ளினான். மீன் சரியில்லையோன்னு நினைச்சேன்.

"போதும் அக்கா"ன்னான்.

அம்மா அகப்பையோட அப்படியே நின்னுட்டாங்க. ஓலன்சபின் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இந்த வார்த்தையை அவன் வாயில நாங்க கேட்டதில்லை. அந்தத் துண்டை அம்மா எடுத்துச் சாப்பிட்டாங்க.

18 நவம்பர் 2024

அக்கா, பொள்ளாச்சின்னா நல்லது, உங்களுக்குப் பக்கம். வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும், முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல சாப்பிட எதுவும் குடுக்காதீங்க, பச்சைத் தண்ணி குடுக்கலாம். எடை போடறப்ப ஒரே தராசு, ஒரே நேரம். அவர் எதிர்ல நின்னு பார்க்காதீங்க, பக்கத்துல நில்லுங்க.